போண்டி என்று யார் சொன்னது?

நேற்று, இளம் நிருபர்களான உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மூடிய ஷட்டர், அதில் தொங்கும் ஒரு பலகை, மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு: “பிரபல பட்டுக்கடை திவால்?” கடைசியில் இருந்த கேள்விக்குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் போட்டுவிட்டால் யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நிருபராக இருந்தபோது அந்த வேலையை “கூறப்படுகிறது” என்ற சொல் செய்துவந்தது. என்ன எழுதினாலும் பின்னால் அதை ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

நீங்கள் ஏனாத்தூர் காலேஜில் படித்துவிட்டு கேமராவோடு வேலைக்கு இறங்கியவர்கள். நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறிப்பெடுத்து, டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று, சென்னை டெஸ்க்குக்கு வாசித்துக் காட்டியவன். தொழில்நுட்பம் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது. அந்தத் தலைப்பில் இருந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கச்சேரி, ஜப்தி, வாய்தா, திவால் எல்லாம் நவாபுகள் ஆற்காட்டில் இருந்த காலத்தில் ஒரே வண்டியில் வந்து இறங்கிய சொற்கள் என்று நினைக்கிறேன். நவாபுகள் போய்விட்டார்கள், இவை மட்டும் நம் ஊரிலேயே வீடு பிடித்துக்கொண்டன. அதே பொருளுக்கு நம்மிடம் வேறு சொற்களும் உண்டு. ஐ.பி. குடுத்துட்டான், மஞ்சக் கடுதாசி நீட்டிட்டான், கவுந்துட்டான், நொடிச்சுட்டான். எல்லாவற்றிலும் செல்லப்பிள்ளை போண்டிதான். கோலிகுண்டில் எல்லாவற்றையும் தோற்ற பையன் போண்டி. மாசக் கடைசியில் டீக்கு இன்னொருவன் முகத்தைப் பார்க்கிற குமாஸ்தா போண்டி. பெரிய காஞ்சிபுரத்தில் ஐந்து மாடிக் கடை வைத்திருப்பவரும் ஒரு நாள் காலையில் போண்டி ஆகலாம். அதற்கு டீக்கடையில் இரண்டு பேர் இருந்தால் போதும்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சினிமா தியேட்டர்காரர் திவாலாகிவிட்டார் என்று போனில் செய்தி வாசித்தேன். மறுமுனையில் எங்கள் டெஸ்க்கின் மூத்த உதவி ஆசிரியர். அவர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை. குரல் மட்டும்தான், அதுவும் எப்போதும் எதையோ மென்றுகொண்டிருக்கும் குரல்.

“திவால்னு யார் சொன்னது?” என்று கேட்டார்.

ஊரே சொல்லுது சார் என்றேன்.

“ஊருக்கு நாம சம்பளம் குடுக்கலையே” என்றார்.

அப்புறம் மென்றபடியே சொன்னார். திவால் என்பதைக் கோர்ட்டு சொல்ல வேண்டும். போண்டி என்பதை ஊர் சொல்லும், அதை ஊரே வைத்துக்கொள்ளட்டும். நொடித்துப் போனேன் என்பதைச் சம்பந்தப்பட்டவரே தன் வாயால் சொல்ல வேண்டும். உன் தியேட்டர்காரரிடம் கேட்டாயா? நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார். தியேட்டர்காரர் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓட்டினார். படங்கள்தான் ஓடவில்லை.

இதை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இது எனக்கு எப்போது உதவியது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

சபாபதி என்று ஒரு பட்டு வியாபாரி. கோயிலிலிருந்து சாமி புறப்பட்டு வருகிற வீதியில் கடை. கீழே கடை, மேலே வீடு. அவரிடம் பாவு நூலும் ஊடை நூலும் ஜரிகையும் வாங்கிப்போய், வீட்டில் தறியில் நெய்து, சேலையாகக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கும் குடும்பங்கள் நிறைய. பங்குனித் திருவிழாவில் ஒரு காலை உற்சவம் அவருடைய மண்டகப்படி. கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, சாமியை நிறுத்தி, தீபாராதனை காட்டி, பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய மீசை பெரிய மீசை. பரிவட்டத்தோடு பார்த்தால் சாமிக்கே காவல் நிற்பவர் மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் கொடியேற்றம் ஆன இரண்டொரு நாளில் அவர் கடை மூடிக்கொண்டது. “உள்வேலை நடைபெறுகிறது” என்று ஷட்டரில் பலகை. உள்ளே சுத்தியல் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சேலை கொண்டுவந்தவர்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். புதுப் பாவும் கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்தல் போடவில்லை. நம் ஊரில் ஒரு வியாபாரி கடனுக்காகக் கடையை மூடினால்கூட மண்டகப்படியை விடமாட்டார். அதை விட்டால் சோலி முடிந்தது என்று அர்த்தம். டீக்கடையில் ஒரே பேச்சு, சபாபதி போண்டி.

டெஸ்க்கில் அந்த மெல்லும் குரல், என் குருநாதர், ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில் சுறுசுறுப்பான ஒரு பிள்ளை. போட்டிப் பத்திரிகை முந்திக்கொள்ளும், இன்றைக்கே அனுப்புங்கள் சார், ‘திவால்’னு நான் தலைப்பு வச்சுக்கறேன் என்றது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கிறேன் என்று சொன்னால் டெஸ்க்கில் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும், அதனால் அது உடனே போனை வைத்துவிட்டது.

மண்டகப்படி அன்று காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் வந்தார். எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், சபாபதிக்கு நெய்கிறவர். கையில் துணிப்பை. பைக்குள் அப்போதுதான் தறியிலிருந்து அறுத்த முகூர்த்தச் சேலை. அவரும் மனைவியும் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து நெய்தது. முந்தின இரண்டு சேலைக்கும் கூலி வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஏஜென்ட் வந்து குந்திக்கினு இருக்கான்ணா” என்றார். “சபாபதி சேலைய யார் கொண்டாந்தாலும் ரொக்கமா எடுத்துக்கறானாம். ரெண்டு பேர் குடுத்துட்டானுங்க. சாயந்திரம் கெளம்பிடுவானாம்.”

பட்டும் ஜரிகையும் சபாபதியுடையது. அதை வெளியே விற்பது என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரே சொன்னார்.

“அவரு போண்டின்னா நான் புத்திசாலி. இல்லன்னா நான் திருடன். நீ பேப்பர்காரன், ஒனக்குத் தெரியாம இருக்காது. இன்னான்னு சொல்லு.”

இங்கேதான் குருநாதருடைய சூத்திரம் என்னைக் கைவிட்டது. டெஸ்க்கு கேட்டால் கோர்ட்டு சொல்லவில்லை என்று தட்டிக்கழிக்கலாம். எதிரில் பையோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அதைச் சொன்னால் அவர் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். பேசாமல் இருந்தாலும் அங்கேதான் போவார். மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரை உட்காரவைத்துவிட்டு வீதிக்குப் போனேன்.

மேளம் வந்தது, குடை வந்தது, சாமி வந்தது. சபாபதி கடைக்கு முன்னால் வந்ததும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். நாதஸ்வரக்காரரும் பழக்கத்தில் நிறுத்தினார். எதிரே பந்தல் இல்லை, தட்டு இல்லை, ஷட்டரும் பலகையும் மட்டும். உள்வேலை நடைபெறுகிறது. யாரோ ஒரு பெரியவர் “நடங்கப்பா” என்று அதட்டினார். சாமி நகர்ந்தது.

அப்போது தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் சபாபதி நின்றிருந்தார். கை கூப்பியிருந்தார். சாமி தட்டிக்கு நேராகக் கடந்தபோது அவர் கிட்டே வரவில்லை, ஓரடி பின்னால் போனார்.

உங்களுக்கும் எனக்கும் சம்பளம் கொடுப்பது இந்த மாதிரி ஓரடியைக் கவனிப்பதற்குத்தான். பணம் போனவன் சாமியைக் கண்டால் ஓடிவருவான், ஷட்டரைத் திறந்துபோட்டு வீதியில் விழுந்து அழுவான். பின்னால் போகிறவன் யார்? நம் வீடுகளில் அதற்கு ஒரே காரணம்தான்.

சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். நான் கை நீட்டியதும் “தொடாதீங்க சார்” என்று விலகினார். யார் தவறினது என்று கேட்டேன். எழுதுவதற்கா என்று கேட்டார். எழுதுவதற்கில்லை என்றேன்.

தென்னேரியில் அவருடைய அப்பாவுக்கு முதல் குடும்பம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு மகன், சபாபதிக்கு மூத்தவர். அப்பா போனபிறகு அந்த அண்ணன் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார். சபாபதி கோர்ட்டில் நின்று, இவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொன்னார். வழக்கு நடந்துகொண்டே இருந்தது. அந்த அண்ணன்தான் இறந்துபோயிருந்தார்.

அண்ணன் செத்தால் தம்பிக்குத் தீட்டு. தீட்டோடு மண்டகப்படிக்கு நிற்க முடியாது. முகூர்த்தச் சேலையைக் கையால் எடுத்துக் கொடுக்க முடியாது, புதுப் பாவு கொடுக்க முடியாது. மச்சானை விட்டு மண்டகப்படியை நடத்தலாம், ஏன் என்று கேட்பார்கள். தீட்டு என்று சொன்னால் யாருக்கு என்று கேட்பார்கள். யாரென்றே தெரியாத ஒருவருக்கு ஒருவன் தீட்டுக் காக்க மாட்டான். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும், பாதிக் கடை போய்விடும். கோர்ட்டில் பொய் சொல்லத் துணிந்தவருக்குச் சாமி விஷயத்தில் பொய் சொல்லத் துணிவில்லை. இப்படி ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ள நம் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

“போண்டின்னு சொல்லிட்டுப் போவட்டும் சார்” என்றார். “காரியம் முடிஞ்சு கடையத் தொறந்தா அந்தப் பேச்சு தானா போயிடும். பங்காளின்னு ஒரு தடவ சொல்லிட்டா போவாது.”

அவருடைய கணக்கு அவர் வரைக்கும் சரி. அதில் கன்னியப்பன் இல்லை. அதைச் சொன்னேன். உங்கள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், சாயந்திரத்துக்குள் அவர் திருடனா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் போண்டி இல்லை என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள் என்றார். காரணம் இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள் என்றேன். நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் வியாபாரம் செய்தவர் தன் பேரைக் காப்பாற்ற என் பேரைக் கடன் கேட்கிறார்.

வீட்டில் கன்னியப்பன் என் மனைவி கொடுத்த இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவர் போண்டி இல்ல” என்றேன்.

“அப்ப ஏன் கடைய மூடிக்கினு இருக்கறாரு?”

“அத அவர்தான் சொல்லணும்.”

“பேப்பர்ல கூறப்படுகிறதுன்னு போடுவியேண்ணா, இது அதுவா?”

“இல்ல. இது நான் சொல்றது.”

அவர் எழுந்து துணிப்பையை என் மடியில் வைத்தார். அப்ப இது இங்கயே இருக்கட்டும், அவர் கடை தொறக்கலன்னா நீ பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே இட்லியைச் சாப்பிட்டுப் போனார். நான் பேரைத்தான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜாமீன் கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அதோடு நிற்கவில்லை. கன்னியப்பன் பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்லியிருக்கிறார், அவர் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் பையோடு வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனார்கள். பீரோ நிறைந்து கட்டிலுக்கு வந்தது. நாங்கள் இருவரும் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். என் மனைவி கட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள். “கல்யாணம் ஆனதுலருந்து ஒரு பட்டு எடுத்துக் குடுத்தது இல்ல. இப்ப கட்டிலு முழுக்க இருக்குது, ஒண்ணத் தொடக் கூடாதாம்.”

பயமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சபாபதி என்னிடம் சொன்னதும் பொய்யாக இருந்தால்? தீட்டும் உண்மையாக இருந்து, கடையும் கவிழ்ந்திருந்தால்? கட்டிலில் இருந்த பட்டில் ஒரு சேலைக்குப் பதில் சொல்லக்கூட என்னால் ஆகாது. அந்த வாரமே போட்டிப் பத்திரிகையில் வந்துவிட்டது: “பட்டுக்கடை திவால்: நெசவாளர்கள் அதிர்ச்சி”. டெஸ்க்குப் பிள்ளை என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத் திட்டியது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் அத்தனை சேலையை வைத்துக்கொண்டு செய்தி எழுதவும் எனக்குத் தகுதி போய்விட்டது. நான் அப்போது நிருபர் இல்லை, கிடங்கு.

அன்று மத்தியானம் சபாபதி போன் செய்தார். எத்தனை பேர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். எண்ணவில்லை, படுக்க இடமில்லை என்றேன்.

“என்ன நம்பி யாரும் வைக்கல, இல்ல சார்?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை முதலாளி, என்னை நம்பித்தான் வைத்தார்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு முன்னால் கூட்டம் கூடியது. பேப்பரில் படித்துவிட்டு வந்த நெசவாளர்கள், பட்டு நூல் கொடுத்த வியாபாரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கன்னியப்பனும் நின்றிருந்தார், எனக்குப் பக்கத்திலேயே, நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி. ஒரு கார் வந்து நின்றது. தென்னேரியிலிருந்து வந்த கார் என்பது அதில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்து எனக்கு மட்டும்தான் புரிந்தது. சபாபதி இறங்கினார்.

மீசை இல்லை.

அந்த மீசை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததே கிடையாது. கூச்சல் அப்படியே அடங்கியது. நம் ஊரில் மீசையை மழித்துக்கொண்டு வருகிறவரிடம் பாக்கி கேட்க மாட்டார்கள், முதலில் வேறு ஒன்றைத்தான் கேட்பார்கள். கன்னியப்பன்தான் கேட்டார். “யாருக்கு முதலாளி?”

“அண்ணனுக்கு” என்றார் சபாபதி.

அந்த ஒரு சொல்லுக்குப் பாதிக் கடை விலை என்பது அங்கே நின்ற பலருக்குத் தெரியும். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் கன்னியப்பன் என் தோளைத் தட்டி, சேலையை எடுத்துக்கலாமா என்று கேட்டார்.

அன்று சாயந்திரமே என் கட்டில் காலியானது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. கடையின் நடுவே சுவர் எழும்பியது, ஒரு பாதியில் அண்ணன் மகன் உட்கார்ந்தார். சபாபதி கையில் சொத்து முழுசாக இருந்தபோது போண்டி என்று சொன்ன ஊர், பாதி போனபிறகு அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. மறு வருஷம் மண்டகப்படியில் இரண்டு பேருக்கும் பரிவட்டம் கட்டினார்கள்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். அந்த ஷட்டரைப் பார்த்ததுமே அது சபாபதி கடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பலகையில் இருந்த வாசகமும் அதேதான். இன்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தட்டினேன். தலையெல்லாம் செங்கல் தூசியோடு சபாபதியே திறந்தார். வெள்ளை மீசை, அதன்மேலும் தூசி. உள்ளே அவர் மகளும் அண்ணன் மகனும் ஆட்களை வைத்து நடுச்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கடையையும் மறுபடி ஒன்றாக்குகிறார்களாம். நெசவாளர்கள் சிலர் உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு அதற்குள் வந்து விசாரித்துப் போயிருந்தார்கள். கன்னியப்பன் வரவில்லை, போன் மட்டும் செய்தாராம், இந்தத் தடவை யார் வீட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டு.

என் போனை வாங்கி அந்தத் தலைப்பைப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“இத எழுதன தம்பிய வரச் சொல்லுங்க சார்” என்றார். “செவுரு இன்னும் பாதி நிக்குது. முழுசா இடிக்கறதுக்குள்ள வந்து ஒரு போட்டோ எடுத்துக்கட்டும்.”